படகுப் பாய்க்கும் படுதாவுக்கும் எந்தத் தையல் மெஷின்?

மெஷின் பார்க்கக் கிளம்புமுன் ஒன்றைத் தீர்மானித்துக்கொள்ளுங்கள்: தைக்கப்போவது காற்றைப் பிடிக்கும் பாயா, படகின் மேல் போடும் படுதாவா? இரண்டும் கெட்டித் துணிதான், தையல்தான் வேறு. டேக்ரான் என்ற பாலியஸ்டர் துணியாலான பாய் காற்றில் இழுபடும்போது நேர்த்தையலின் நூல் விறைத்து அறுந்துவிடும். ஜிக்ஜாக் தையல் சற்று நெகிழ்ந்து கொடுக்கும். சன்பிரெல்லா என்ற அக்ரிலிக் துணியாலான படுதாவுக்கு நேர்த்தையலே போதும்.

வீட்டிலிருக்கும் பழைய கறுப்பு இரும்பு மெஷினைக் குறைத்துச் சொல்லமாட்டேன். கைப்பிடியைச் சுற்றினால் ஓடும், கரன்ட் வேண்டாம். சின்னக் கிழிசலுக்கு ஒட்டுப்போட இன்னமும் அதைத்தான் எடுக்கிறேன். ஆனால் அடியிலுள்ள பல் மட்டுமே துணியைத் தள்ளும்; பாய்த்துணியோ வழவழப்பானது. கீழ் மடிப்பு முன்னே போகும், மேல் மடிப்பு பின்தங்கும். ஒருமுறை பாயின் மூலையில், எட்டு மடிப்பு சேருமிடத்தில், ஊசி இறங்கிச் சிக்கிக்கொண்டது. சக்கரத்தைப் பின்னுக்குச் சுற்றி எடுத்தால் ஊசி முனை வளைந்திருந்தது. அடியில் பாபின் நூல் பந்தாகச் சுருண்டு கிடந்தது.

இதற்கு மருந்து வாக்கிங் ஃபுட். மேலே இருக்கும் பாதமும் பல்லோடு சேர்ந்து நடப்பதால் மடிப்புகள் ஒன்றாக நகரும்.

அந்த வகையில் ஜூக்கி டிஎன்யு-1541 தொழிற்சாலை மெஷின். ஊசியும் சேர்ந்தே நகரும், தையல் 9 மி.மீ. நீளம் வரை போகும். படுதா, மெத்தையுறை தைப்பவர்கள் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம். மோட்டார் மட்டும் சர்வோவாகக் கேளுங்கள், அது மெதுவாகவும் ஓடும். கிளட்ச் மோட்டார் கால் பட்டதும் பிய்த்துக்கொண்டு ஓடும். ஜிக்ஜாக் கிடையாது, மேஜையோடு ஓரிடத்தில்தான் நிற்கும்.

பாய் தைப்பவருக்கு என் தேர்வு செயில்ரைட் அல்ட்ராஃபீட் எல்எஸ்இசட்-1. வாக்கிங் ஃபுட்டும் உண்டு, 5 மி.மீ. அகல ஜிக்ஜாக்கும் உண்டு. 20 கிலோவுக்கு மேல் கனம், ஆனாலும் படகுக்குத் தூக்கிப்போகலாம், கைச்சக்கரத்தாலும் ஓட்டலாம். அமெரிக்காவிலிருந்து வரவழைத்தால் கப்பல் கூலியும் சுங்கவரியும் கையைக் கடிக்கும். பெயரில் ‘இசட்’ இருக்கிறதா என்று பாருங்கள்: எல்எஸ்-1 நேர்த்தையல் மட்டும்தான் போடும்.

எதை வாங்கினாலும் பருத்தி நூல் வேண்டாம். வெயில் முதலில் தின்பது நூலைத்தான். பழைய பாயில் துணி திடமாக இருக்கும், நகத்தால் நெருடினால் தையல் பொடியாக உதிரும். வெயில் தாங்கும், வி-92 பருமனுள்ள பாலியஸ்டர் நூலும் 18 அல்லது 20-ஆம் எண் ஊசியும் சரியாக வரும்.

கடைக்குப் போகும்போது கிழிந்த பாயில் ஒரு துண்டை எடுத்துப்போங்கள். ஆறு மடிப்பாக்கி ஒரு முழம் தைத்துக் காட்டச் சொல்லுங்கள். முடிவில் மேல் மடிப்பு எவ்வளவு துருத்திக்கொண்டு நிற்கிறது என்று பாருங்கள்.