யெல்லோஸ்டோனில் ஸ்னோமொபைல்: வண்டியை விட உடுப்பைப் பாருங்கள்

டிசம்பர் நடுவிலிருந்து மார்ச் நடு வரை அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் தேசியப் பூங்காவின் பெரும்பாலான சாலைகளில் கார் ஓடாது. வடக்கே கார்டினரிலிருந்து மாமத் வழியாக குக் சிட்டிக்குப் போகும் ஒரு சாலையில் மட்டும்தான் பனியை ஒதுக்கிக் கார் விடுகிறார்கள். மற்றதெல்லாம் பனியை அழுத்திச் சமன் செய்த வெள்ளைப் பாதை. அதில் போக ஸ்னோமொபைல் (முன்னால் ஸ்கீ என்னும் சறுக்குப் பலகைகளும் பின்னால் சுழலும் பட்டையும் கொண்ட, பைக் போல உட்கார்ந்து ஓட்டும் பனிவண்டி) வேண்டும், அல்லது பெருத்த டயர் மாட்டிய ஸ்னோகோச் வேன் வேண்டும். மேற்கு வாசலை ஒட்டிய வெஸ்ட் யெல்லோஸ்டோன் ஊரில், பூங்காவின் அனுமதி பெற்ற நிறுவனங்கள் வழிகாட்டியோடு ஒருநாள் ஸ்னோமொபைல் பயணம் நடத்துகின்றன. காலையில் கிளம்பி ஓல்ட் ஃபெய்த்ஃபுல் வெந்நீர் ஊற்றைப் பார்த்துவிட்டு மாலையில் திரும்புவது வழக்கமான திட்டம். கொடுக்கிற காசுக்கு இது தகுமா என்றால், தகும். ஆனால் குளிரில் விரல் மரத்து, ஹெல்மெட்டின் கண்ணாடி மூடி முழுக்க ஆவி படிந்து, முன்னால் போகிற வண்டியின் சிவப்பு விளக்கை மட்டும் பார்த்துக்கொண்டு 100 கிலோமீட்டர் போய்வந்தால் தகாது. இந்த இரண்டில் எது வாய்க்கும் என்பது வண்டி ஏறும் முன்பே முடிவாகிவிடுகிறது.

முதலில் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். எந்த நிறுவனத்தில் பதிந்தாலும் பயணத்தின் எலும்புக்கூடு ஒன்றுதான், ஏனென்றால் அதை வகுப்பது பூங்கா நிர்வாகம். 1963-இல்தான் முதல் ஸ்னோமொபைல் உள்ளே வந்தது. பிறகு நீலப்புகை கக்கும் டூ ஸ்ட்ரோக் வண்டிகள் பெருகி, மேற்கு வாசலில் சீட்டுக் கொடுக்கும் ரேஞ்சர்கள் முகமூடி மாட்டிக்கொண்டு வேலை பார்க்கும் நிலை வந்தது. வழக்குகள் பல ஆண்டு இழுத்து, 2013-இல் இறுதி விதி வந்தது. இப்போது சத்தமும் புகையும் குறைந்த வண்டிகளுக்கே அனுமதி, அதாவது நடைமுறையில் ஃபோர் ஸ்ட்ரோக். மணிக்கு 35 மைல் வேகத்தில் ஓடும்போது சத்தம் 67 டெசிபலைத் தாண்டக் கூடாது. அந்த 35 மைல், அதாவது 56 கி.மீ., தான் வேக வரம்பும். குழுவுக்கு அதிகபட்சம் 10 வண்டி. பாதையை விட்டுப் பனியில் இறங்கவே கூடாது. புதுப்பனியில் பறக்க ஆசைப்படுகிறவர்கள் இங்கே பணத்தைப் போடவேண்டாம். ஊரைச் சுற்றியுள்ள தேசிய வனப்பகுதித் தடங்கள் அதற்குத்தான் இருக்கின்றன. வழிகாட்டி இல்லாமல் பூங்காவுக்குள் போகவும் ஒரு வழி உண்டு. ஆனால் அது குலுக்கல் முறை, வாசலுக்கு நாளொன்றுக்கு ஒரே குழு, 5 வண்டிதான்.

ஆக, நிறுவனங்களை ஒப்பிடும்போது 'எங்கே கூட்டிப்போவீர்கள்' என்று கேட்டுப் பயனில்லை. கேட்க வேண்டியவை வேறு. ஒரு வழிகாட்டிக்கு எத்தனை வண்டி? பத்து என்றால் ஒவ்வோர் நிறுத்தத்திலும் எல்லாரும் இறங்கி ஏறவே நேரம் போய்விடும். ஐந்தாறு என்றால் நல்லது. குளிர் உடை கட்டணத்தில் சேர்ந்ததா, தனி வாடகையா? ஹெல்மெட்டின் முகமூடிக் கண்ணாடி மின்சூடு உள்ளதா? பின்சீட்டுக்காரருக்கும் சூடேறும் கைப்பிடி உண்டா? வண்டிக்கு அடிபட்டால் நீங்கள் எவ்வளவு வரை கட்டவேண்டும், அதைக் குறைக்கும் காப்பீடு உண்டா? கடைசிக் கேள்வியைப் பலர் கேட்பதில்லை. ஒரு ஸ்கீ வளைந்தாலும் பில் வரும். கிளம்பும் முன் வண்டியைச் சுற்றி நான்கு படம் எடுத்துவைப்பது நல்லது. பூங்கா நுழைவுக் கட்டணம் பெரும்பாலும் தனி. 2026 ஜனவரி முதல், அமெரிக்காவில் வசிக்காத 16 வயது நிரம்பியவர்களுக்கு ஆளுக்கு 100 டாலர் கூடுதல் கட்டணமும் சேர்ந்திருக்கிறது. ஊரிலிருந்து வந்திருக்கும் அப்பா அம்மாவை அழைத்துப்போகிறவர்கள் இதைக் கணக்கில் வையுங்கள்.

ஓட்டுகிறவருக்குச் செல்லுபடியாகும் கார் உரிமம் கையில் இருக்க வேண்டும். பழகுநர் உரிமம் செல்லாது. இந்திய உரிமம் என்றால் பதியும்போதே கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். வாசலில் போய் வாதாடுவதற்கில்லை.

ஓல்ட் ஃபெய்த்ஃபுல் போகவர சுமார் 60 மைல், பக்கத்தில் நிறுத்திப் பார்ப்பவற்றையும் சேர்த்தால் 100 கி.மீ.க்கு மேல். யெல்லோஸ்டோன் ஆற்றின் பள்ளத்தாக்கான கேன்யனுக்குப் பயணம் போகவர 80 மைலைத் தாண்டும். முதல்முறைக்காரர்களுக்கு ஓல்ட் ஃபெய்த்ஃபுல்தான் சரி. அந்த வழி மேடிசன் ஆற்றை ஒட்டிப் போகிறது. வெந்நீர் கலந்து ஆறு உறையாமல் ஓடுவதால் எக்காள அன்னங்களும் பைசன் என்னும் காட்டெருமைகளும் அங்கேயே குளிர்காலத்தைக் கழிக்கின்றன. கடைசியில் சாப்பிடவும் உடம்பைச் சூடாக்கவும் ஒரு கட்டடம் கிடைக்கிறது. கேன்யனில் 94 மீட்டர் அருவி பனிக்கூம்பு கட்டி நிற்பது பார்க்கவேண்டிய காட்சிதான், ஆனால் இடுப்பும் கட்டைவிரலும் ஒத்துழைக்க வேண்டும். ஒரு ஏமாற்றத்தை முன்பே சொல்லிவிடுகிறோம்: கிராண்ட் பிரிஸ்மாட்டிக் ஊற்றின் நிறங்களைக் குளிர்காலத்தில் எதிர்பார்க்காதீர்கள். குளிரில் ஆவி அடர்ந்து எழும்பி எல்லாவற்றையும் மூடிவிடும். பதிலுக்கு, அந்த ஆவி மரங்களில் படிந்து உறைந்து நிற்கும் வெள்ளை உருவங்கள் கோடையில் வருகிறவர்களுக்குக் கிடைக்காதவை.

இனி உடுப்பு. 1933 பிப்ரவரி 9 அன்று மேற்கு வாசலை ஒட்டிய ரிவர்சைடில் மைனஸ் 54 டிகிரி பதிவாயிருக்கிறது. வழக்கமான பகல்கள் அவ்வளவு மோசமில்லை, மைனஸ் 20-க்கும் மைனஸ் 5-க்கும் இடையில் இருக்கும். ஆனால் மைனஸ் 18-இல் 56 கி.மீ. வேகக் காற்று பட்டால் வெறும் தோலுக்கு அது மைனஸ் 33 போல உறைக்கும். வண்டியின் முன்கண்ணாடி நெஞ்சைக் காக்கும். மிச்சத்தை நீங்கள்தான் காக்கவேண்டும்.

நிறுவனம் தருவது வெளிச்சட்டை, வெளிக்கால்சட்டை, பூட்ஸ், கையுறை, ஹெல்மெட். உள்ளே போடுவது உங்கள் பொறுப்பு, கோட்டை விடும் இடமும் அதுதான். பருத்திப் பனியனும் ஜீன்ஸும் வேண்டவே வேண்டாம். வண்டியை நகர்த்தும்போதும் ஆவி ஊற்றுகளைச் சுற்றி நடக்கும்போதும் வியர்க்கும். பருத்தி அந்த ஈரத்தைப் பிடித்துவைத்து அடுத்த அரைமணி நேரம் உடம்பைக் குளிரவைக்கும். தோலை ஒட்டி மெரினோ கம்பளி அல்லது பாலியெஸ்டர் உள்ளாடை மேலும் கீழும், அதன்மேல் ஃபிளீஸ் ஒன்று, அதற்கும் மேல் அவர்கள் தரும் உடை. மூன்று அடுக்கு போதும். ஐந்து அடுக்கு போட்டுக்கொண்டு கையை மடக்க முடியாமல் உட்கார்ந்தால் வண்டி ஓட்ட முடியாது.

காலுறையில்தான் அதிகம் தவறுகிறார்கள். இரண்டு ஜோடி போட்டால் இரு மடங்கு சூடு என்று நினைப்பது சரியல்ல. பூட்ஸுக்குள் பாதம் இறுகினால் இரத்த ஓட்டம் குறைந்து விரல்தான் முதலில் மரக்கும். கனமான கம்பளிக் காலுறை ஒரே ஜோடி, விரல் அசைக்க இடம் விடும் பூட்ஸ். வழக்கமான அளவை விட அரை அளவு பெரிதாகக் கேளுங்கள். சூட்டுப்பைகளை உள்ளே வைக்கிறவர்கள் கவனிக்கவேண்டியது: அவற்றில் இருப்பது இரும்புத்தூள், காற்று பட்டுத் துருப்பிடிக்கும்போதுதான் சூடு வருகிறது. கவரைப் பிரித்த உடனே இறுக்கமான பூட்ஸுக்குள் திணித்தால் காற்றில்லாமல் அணைந்துபோகும். கிளம்புவதற்கு இருபது நிமிடம் முன்பே பிரித்து வெளியே வையுங்கள். பாதத்துக்கு, பாதத்துக்கென்றே விற்பதை வாங்குங்கள்.

கழுத்துக்கும் முகத்துக்கும் ஊட்டியில் வாங்கிய குரங்குக் குல்லா உதவாது. கனத்த கம்பளி ஹெல்மெட்டுக்குள் மடிந்து நெற்றியை அழுத்தும், அரைமணியில் தலைவலி. தலையையும் முகத்தையும் கழுத்தையும் மூடும் மெல்லிய பாலாகிளாவா உறைதான் சரி. தோடு, ஜிமிக்கி, மூக்குத்தி எல்லாவற்றையும் அறையிலேயே கழற்றிவிடுங்கள். உலோகம் குளிரைத் தோலுக்குள் கடத்தும், ஹெல்மெட் கழற்றும்போது தோடு மாட்டிக் காது கிழியும். நீளமான பின்னலை ஜாக்கெட்டுக்குள் விட்டுக்கொள்ளுங்கள். மூக்குக்கண்ணாடிக்காரர்களுக்கு இந்தப் பயணத்தில் தனித் தொல்லை உண்டு. மூச்சுக்காற்று மேலே ஏறாமல் கீழே போக ஹெல்மெட்டில் மூக்குக்கீழ் மூடி இருக்கும். அது மூக்கை ஒட்டி உட்கார்ந்திருக்கிறதா என்று வழிகாட்டியிடம் சரிபார்த்துக்கொள்ளுங்கள். நிற்கும்போதெல்லாம் முகக்கண்ணாடியை ஒரு விரல் அளவு திறந்துவிடுங்கள். ஆவி படிந்த பிறகு கையுறையால் துடைத்தால் அது பனிக்கட்டியாக ஒட்டிக்கொள்ளும். லென்ஸ் போட்டுப் பழகியவர்கள் அன்று லென்ஸ் போடுவது உத்தமம்.

வண்டி ஓட்டுவது கடினமல்ல. கியர் இல்லை, கிளட்ச் இல்லை. வலது கைப்பிடிக்குக் கீழே கட்டைவிரலால் தள்ளும் சிறு நெம்புகோல்தான் ஆக்சிலரேட்டர். இடது கையில் பிரேக். ஸ்கூட்டர் ஓட்டியவர்கள், கைப்பிடியை முறுக்கும் பழக்கத்தை மட்டும் விட்டால், சீக்கிரம் பழகிவிடுவார்கள். பைக்காரர்களுக்குத்தான் சிரமம்: அவர்களும் கைப்பிடியை முறுக்கிப் பார்ப்பார்கள், அதோடு அவசரத்தில் வலது காலால் பிரேக்கைத் தேடுவார்கள். எல்லாவற்றையும் விட மோசம், வளைவில் கால் ஊன்றும் பழக்கம். ஸ்னோமொபைல் கவிழும்போல் தோன்றினாலும் காலை வெளியே நீட்டக் கூடாது. பனியில் பாதம் புதைந்து வண்டி மேலே ஏறினால் முழங்கால் போய்விடும். காலைப் பலகையிலேயே வைத்து, உடம்பை வளைவின் உட்பக்கம் சாய்த்தால் போதும்.

இன்னொரு தவறு: பயத்தில் கைப்பிடியை இறுக்கிப் பிடிப்பது. இறுக்கினால் கட்டைவிரலும் சேர்ந்து அழுத்தும், வண்டி பாயும், பாய்ந்ததும் இன்னும் இறுக்குவார்கள். பாதையில் ஏற்கெனவே போன வண்டிகளின் தடத்தில் ஸ்கீ விழுந்து அங்குமிங்கும் இழுக்கும்போது அதோடு மல்லுக்கட்டாதீர்கள். பிடியைத் தளர்த்தினால் தானே நேராகும். இரவில் சமன்செய்த பாதை காலையில் பட்டாக இருக்கும், பிற்பகலில் மேடுபள்ளமாகிவிடும், மார்ச்சில் இது இன்னும் மோசம். வண்டியிலிருந்து உங்கள் ஜாக்கெட்டுக்கு ஒரு கயிறு மாட்டுவார்கள். நீங்கள் விழுந்தால் எஞ்சின் நிற்கும். வண்டி கிளம்பவில்லை என்றால் பதறாமல் முதலில் அந்தக் கயிறையும் எஞ்சினை நிறுத்தும் சிவப்புப் பொத்தானையும் பாருங்கள். கைப்பிடிச் சூட்டை நடு அளவில் வையுங்கள். முழுச் சூட்டில் உள்ளங்கை வியர்த்து, நின்ற இடத்தில் அந்த ஈரமே குளிரும்.

நல்ல வழிகாட்டியை அடையாளம் காண வாசலைத் தாண்ட வேண்டியதில்லை. முற்றத்தில் ஒவ்வொருவரையும் ஓட்டவிட்டு நிறுத்தச்சொல்லிப் பார்ப்பார். கை சைகைகளைச் சொல்லிக்கொடுத்துத் திருப்பிச் செய்யச்சொல்வார். ஐந்து நிமிடப் பேச்சோடு கிளம்புகிறவரிடம் நீங்களே கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

பைசன் சாலையில் வரும், வராமலிருந்தால்தான் அதிசயம். ஆழ்ந்த பனியில் நடப்பதை விடச் சமன்செய்த பாதை அவற்றுக்கும் எளிது. ஓநாய், கரடி, பூமா என்றால் 100 கெஜம், மற்ற விலங்குகளுக்கு 25 கெஜம் தள்ளி நிற்கவேண்டும் என்பது விதி. வழிகாட்டி நிறுத்தினால் நிறுத்திவிடுங்கள். முந்துவதா காத்திருப்பதா என்பது அவர் முடிவு. விலங்கு உங்களை நோக்கி வந்து, திரும்பிப் போகவும் வழியில்லை என்றால், இறங்கி வண்டியை நடுவில் வைத்து மறுபக்கம் நில்லுங்கள். செல்ஃபிக்காக வாலை நிமிர்த்திய பைசனை நெருங்குவது முட்டாள்தனம். வால் நிமிர்ந்தால் கோபம் என்று பொருள்.

ஓல்ட் ஃபெய்த்ஃபுல் சராசரியாக ஒன்றரை மணிக்கு ஒருமுறை பொங்குகிறது. அங்கே சாப்பாடு கிடைக்கும், சைவத்துக்கு வகை குறைவு. தயிர்சாதம் கட்டிக்கொண்டு போனால் மதியத்தில் அதை உளிகொண்டுதான் உடைக்கவேண்டும். புளிசாதமோ சூப்போ தெர்மாஸில் கொண்டுபோகலாம். எனர்ஜி பார் கல்லாகிவிடும். கடலைமிட்டாய்க்கு எந்தக் குளிரும் ஒன்றும் செய்யாது. தண்ணீர்ப் புட்டியைத் தலைகீழாக வையுங்கள், உறைவது மேலிருந்துதான். போன் உள்சட்டைப் பையில், உடம்புச் சூட்டில் இருக்கட்டும். வழியில் சிக்னல் பெரும்பாலும் கிடையாது.

ஓல்ட் ஃபெய்த்ஃபுல்லின் உயரம் கிட்டத்தட்ட ஊட்டியின் உயரம்தான், 2,245 மீட்டர். மூச்சுக்குப் பெரிய தொல்லை இராது. ஆனால் கர்ப்பிணிகள், முதுகுத் தண்டுத் தொல்லை உள்ளவர்கள், சிறு பிள்ளைகள், எழுபதைத் தாண்டிய பெற்றோர் ஆகியோருக்கு ஸ்னோகோச்தான். அதே சாலை, அதே ஊற்று, உள்ளே ஹீட்டர். குடும்பத்தில் பாதி வண்டியிலும் பாதி கோச்சிலும் போய் ஊற்றடியில் சந்திப்பது நல்ல ஏற்பாடு.

முன்தினமே ஊருக்கு வந்து உடை அளவு பார்த்துவிடுங்கள். போஸ்மன் விமான நிலையத்திலிருந்து சுமார் 145 கி.மீ., பனிச்சாலையில் இரண்டு மணிநேரத்துக்கு மேல். பயணம் முடிந்த இரவே திரும்பி ஓட்டுவதாகத் திட்டமிடாதீர்கள். நாளெல்லாம் குளிரில் இருந்த உடம்பு சூடான காருக்குள் உட்கார்ந்ததும் கண் சொருகும், அந்த நெடுஞ்சாலையில் இருட்டில் எல்க் மானும் பைசனும் குறுக்கே நிற்கும்.