"பிரிக்காத என்ஜின்" என்று என் தலையில் கட்டிய வண்டி

பழைய பைக் பார்க்கக் கிளம்புகிறவர்கள் இதைப் படித்துவிட்டுக் கிளம்புங்கள். நான் ஏமாந்த கதைதான். ஆனால் விற்றவரை மட்டும் திட்டி எழுதினால் பாதிப் பொய்யாகிவிடும். வண்டி தன் வயதை எல்லா இடத்திலும் காட்டிக்கொண்டுதான் நின்றது. நான் டேங்கில் மின்னிய பெயின்ட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

14 வருஷ வண்டி. 150 சிசி, ஒற்றை சிலிண்டர், கார்புரேட்டர். "ஒரே ஓனர் தம்பி. என்ஜின்ல இதுவரைக்கும் யாரும் கை வைக்கல, பிரிக்காத என்ஜின்" என்றார். மீட்டரில் 31,000 சொச்சம். நான் போய்ச் சேர்ந்தபோது என்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. "நீங்க வருவீங்கன்னுதான் ஸ்டார்ட் பண்ணி வச்சேன்" என்றார். அக்கறையான மனுஷன் என்று நினைத்தேன். அங்கேயே கோட்டை விட்டாயிற்று.

சூடான என்ஜின் பாதி நோயை மறைத்துவிடும். ராத்திரி முழுக்க நின்ற வண்டியைக் காலையில் உதைக்கும்போதுதான் குட்டு வெளிப்படும். வால்வு சீல் (வால்வு வழியே ஆயில் உள்ளே இறங்காமல் தடுக்கிற ரப்பர் வளையம்) போயிருந்தால் அது வழியே ராத்திரியில் கசிந்திறங்கிய ஆயில் எரிந்து, குப்பென்று நீலப் புகை வந்து அடங்கும். கம்ப்ரஷன் (பிஸ்டன் சிலிண்டருக்குள் காற்றை அமுக்குகிற அழுத்தம்) குறைந்த வண்டி அப்போதுதான் ஸ்டார்ட் ஆக அடம்பிடிக்கும். அதனால் போனதும் என்ஜின் பக்கத்தில் புறங்கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள். சூடு தெரிந்தால், "நாளைக் காலையில வர்றேன், அதுவரைக்கும் தொடாதீங்க" என்று சொல்லிவிட்டு நடையைக் கட்டுங்கள். அதற்கு முகம் சுளிக்கிறவரிடம் மறுநாளும் போக வேண்டாம்.

ஓட்டிப் பார்த்தேன். சத்தமே இல்லை, பூப்போல ஓடியது. டிப்ஸ்டிக்கைக் கழற்றிப் பார்த்தேன், ஆயில் தேன் நிறத்தில் இருந்தது. நன்றாகப் பராமரித்திருக்கிறார் என்று வேறு சந்தோஷப்பட்டேன். விற்கப் போகிற வண்டிக்குப் புது ஆயில் ஏன் ஊற்றினார் என்று கேட்கத் தோன்றவில்லை. கம்பெனி சொன்னதைவிடக் கெட்டியான ஆயிலை ஊற்றினால், தேய்ந்த பாகங்களுக்கு நடுவில் இருக்கிற இடைவெளியை அது கொஞ்ச நாளைக்கு அடைத்துக்கொள்ளும். சத்தமும் அடங்கும், புகையும் குறையும். நான் அந்த ஆயிலை மாற்றி, சரியான கிரேடு ஊற்றிய வாரத்திலேயே வண்டி சுயரூபத்தைக் காட்டிவிட்டது. ஆக்சிலேட்டரை முறுக்கினால் பின்னால் நீலத் திரை. ஸ்டார்ட் செய்யும்போது மட்டும் புகைந்து நின்றால் சீலோடு போகும், சின்ன வேலை. முறுக்க முறுக்கப் புகைந்தால் பிஸ்டனைச் சுற்றியிருக்கிற ரிங், சிலிண்டரின் உள்சுவரான போர் என்று உள்ளே போக வேண்டும்.

மெக்கானிக் அண்ணன் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றினார். நுனி எண்ணெய்ப் பிசுக்கோடு கறுப்பாக இருந்தது. கம்ப்ரஷன் கேஜை மாட்டி, ஆக்சிலேட்டரை முழுசாகத் திறந்து வைத்து உதைத்தார். முள் ஏறவே யோசித்தது. பிளக் ஓட்டை வழியே ஒரு ஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி உதைத்தார். இந்த முறை நன்றாக ஏறியது. "வால்வு லீக்குன்னா ஆயில் விட்டாலும் ஏறாது. ரிங்குக்கும் சுவருக்கும் நடுவுல ஓடுற காத்தை ஆயில் அடைச்சிருக்கு. போர் போச்சு" என்றார்.

பிரிக்க ஆரம்பித்ததும் தலையைச் சுற்றியது. சிலிண்டருக்கு மூடியான ஹெட்டின் நட்டுகளின் முனை மழுங்கியிருந்தது. அளவு பொருந்தாத ஸ்பேனரை யாரோ போட்டிருக்கிறார்கள். சிலிண்டர் இருக்கிற பிளாக்கின் ஜாயின்ட்டில் பேஸ்ட் பிதுங்கிக் காய்ந்து கிடந்தது. இதையெல்லாம் வாங்குவதற்கு முன்பே, குத்தவைத்துப் பார்த்திருந்தால் வெளியிலிருந்தே பார்த்திருக்கலாம். ஹெட் கழன்று வந்ததும் பிஸ்டன் தலையில் அப்பியிருந்த கரியைப் பெட்ரோல் துணியால் துடைத்தார். கீழே மூன்று இலக்கம் தெரிந்தது: 100.

1.00 மில்லிமீட்டர் ஓவர்சைஸ் பிஸ்டன். சிலிண்டர் தேயத் தேய, சுவரைக் கடைந்து கொஞ்சம் பெரிய பிஸ்டன் போடுவார்கள். 0.25, 0.50, 0.75, 1.00 என்று படிப்படியாகப் போகும், பல வண்டிகளுக்கு 1.00தான் கடைசிப் படி. அதுவும் தேய்ந்துவிட்டது. இனிமேல் கடைவதற்கு இடமில்லை. புது ஸ்லீவ் (சிலிண்டருக்குள் பொருத்துகிற உலோகக் குழாய்) அடிக்க வேண்டும், இல்லையென்றால் பிளாக்கையே மாற்ற வேண்டும். இதுதான் பிரிக்காத என்ஜினாம்!

விற்றவருக்குப் போன் போட்டேன். "ஓட்டிப் பாத்துத்தானே தம்பி வாங்குனீங்க?" என்றார். என்ன பதில் சொல்வது?

மீட்டர் கதையையும் சொல்லிவிடுகிறேன். என் வண்டியில் இருப்பது கேபிளில் ஓடுகிற மீட்டர். கேபிளைக் கழற்றிவிட்டால் எத்தனை ஆயிரம் கிலோமீட்டர் ஓடினாலும் எண் நகராது. ஃபுட்ரெஸ்ட் ரப்பரும் பிரேக் பெடலும் வழவழவென்று மொட்டையாகி இருந்தன. சாவித் துவாரம் எவ்வளவு லூஸ் என்றால், வண்டி ஓடும்போதே சாவியை உருவலாம். 31,000 ஓடிய வண்டிக்கு இத்தனை தேய்மானம் வராது.

செயினைப் பின் ஸ்பிராக்கெட்டின் (பல்சக்கரத்தின்) கடைசிப் பகுதியில் பிடித்துப் பின்பக்கமாக இழுத்துப் பாருங்கள். பாதிப் பல்லுக்கு மேல் வெளியே தெரிந்தால் செட்டே மாற்ற வேண்டும். முன் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு ஃபோர்க்கை நாலைந்து முறை அமுக்கினால், துடைத்து மறைத்த சீல் லீக் ஆயில் வளையமாக வெளியே வந்துவிடும். சென்டர் ஸ்டாண்டு போட்டு முன் சக்கரத்தைத் தூக்கி, ஹேண்டிலை இரண்டு விரலால் மெதுவாகத் திருப்புங்கள். நடுவில் வந்ததும் பள்ளத்தில் விழுந்த மாதிரி நின்றால் கோன் செட் (ஹேண்டில் திரும்புகிற இடத்து பேரிங்) போச்சு. இரண்டாவது கியரில் முறுக்கி முறுக்கி விடுங்கள். கியர் தானாக நழுவினால் அந்த வண்டியே வேண்டாம், அதற்கு என்ஜினை இரண்டாகப் பிளக்க வேண்டிவரும். லேசான டப்பட் (வால்வைத் திறக்கிற பாகம்) சத்தத்துக்கு மட்டும் பயப்படாதீர்கள். சத்தத்தை அடக்குவதற்காக இடைவெளி இல்லாமல் டைட் வைத்த டப்பட்தான் வால்வை எரிக்கும்.

முடிந்தால் மெக்கானிக்கையும் கூட்டிக்கொண்டு போங்கள். பிளக்கைக் கழற்ற விடாத வண்டிக்கு அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.

பிளாக் கிட் (புது சிலிண்டர், பிஸ்டன், ரிங்) சொல்லி வைத்திருக்கிறோம், இன்னும் வரவில்லை. அதுவரைக்கும் பஸ்தான்.