ஈ.சி.ஆர் பக்கம் 'பழைய வின்செஸ்டர்' வாங்கப் போகிறவர்கள் கொஞ்சம் நில்லுங்கள்

எனக்குப் பழைய வேட்டைத் துப்பாக்கி என்றால் சின்ன வயதிலிருந்தே பைத்தியம். சுடுவதற்கு இல்லை, பார்ப்பதற்கு. எழும்பூர் மியூசியத்துக்குப் போனால் வெண்கலச் சிலைகளை விட்டுவிட்டு ஆயுதங்கள் பக்கம் நின்றுவிடுவேன். அதிலும் லீவர் ரைஃபிள். லீவரைக் கீழே தள்ளினால் வெற்றுத் தோட்டா வெளியே தெறிக்கும், குழலுக்கு அடியில் இருக்கும் நீளக் குழாயிலிருந்து அடுத்தது மேலே ஏறும். அந்த 'க்ளக் க்ளக்' சத்தத்துக்கே காசு கொடுக்கலாம். கொடுத்தும்விட்டேன், 38,000 ரூபாய்.

ஈ.சி.ஆரில் ஒரு பழம்பொருள் கடை. "வின்செஸ்டர் 1873, ஒரிஜினல் சார், ஜமீன் பங்களாவுல இருந்து வந்தது" என்றார் கடைக்காரர். 1873-இல் அறிமுகமான அமெரிக்க லீவர் ரைஃபிள் அது. லைசென்ஸ்? "நூறு வருஷம் தாண்டிடுச்சே, இதுக்கெல்லாம் லைசென்ஸே கிடையாது." லீவரை ஒருமுறை ஆட்டிப் பார்த்தேன். அவ்வளவுதான், ஜிபே பண்ணிவிட்டேன்.

அம்பத்தூரில் லேத் பட்டறை வைத்திருக்கும் நண்பனிடம் பெருமையாகக் கொண்டுபோய்க் காட்டினேன். கையில் வாங்கியவன், "டேய், இதுல ஸ்டார் ஸ்க்ரூ போட்டிருக்காண்டா" என்றான். நட்சத்திரத் தலை திருகாணி புழக்கத்துக்கு வந்ததே 1930களில். பட்டறையில் கிடந்த காந்தத்தை வைத்தான். உடம்பிலும் ஒட்டவில்லை, குழலிலும் ஒட்டவில்லை. துத்தநாகக் கலவையில் வார்த்த ஷோகேஸ் பொம்மை. லீவர் வளையத்தின் உள்பக்கம் நகத்தால் தடவினால் அச்சுக்கோடு நிரடுகிறது. அசலில் குழலின் மேல் வின்செஸ்டர் கம்பெனியின் ஊரான நியூ ஹேவன் முகவரி பொறித்திருக்கும். இதில் ஏதோ பூ டிசைன்.

வக்கீலாக இருக்கும் என் சித்தப்பாவிடம் புலம்பினேன். அவர் சிரித்தார். "போலியாப் போச்சேன்னு அழாதே, சந்தோஷப்படு. அசலா இருந்திருந்தா நீ உள்ளே." 1959 ஆயுதச் சட்டத்தில் வயதை மட்டும் வைத்து விலக்கு கிடையாதாம். பழைய மாடலாக இருந்தாலும், ரிப்பேர் செய்தாலும் சுட முடியாத நிலையில் இருந்தால்தான் விலக்கு. இல்லையென்றால் லைசென்ஸ் வேண்டும். சென்னையில் அதைக் கொடுப்பவர் போலீஸ் கமிஷனர். கடைக்காரர் சொன்ன இரண்டு பொய்யில் எனக்கு ரொம்பக் கோபம் இதில்தான். பணம் போனால் சம்பாதித்துக்கொள்ளலாம்.

திருப்பிக் கேட்கப் போனேன். "நான் எப்ப சார் ஒரிஜினல்னு சொன்னேன்? பில்லைப் பாருங்க." பார்த்தேன். 'அலங்காரப் பொருள் - 1' என்று இருக்கிறது. வாங்கும்போது அதைப் படிக்காதது என் முட்டாள்தனம், ஒத்துக்கொள்கிறேன். வாட்ஸ்அப்பில் அவர் அனுப்பிய 'ஒரிஜினல்' மெசேஜ்களை எல்லாம் அழித்துவிட்டார். நல்லவேளை, நண்பனுக்குக் காட்டுவதற்காக இரண்டு ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வைத்திருந்தேன். 1915-க்கு, அதாவது தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்கு, போன் போட்டுப் புகாரைப் பதிவு செய்திருக்கிறேன். அவரிடம் ஏமாந்தவர்கள் வேறு யாராவது இருந்தால் வாட்ஸ்அப் மெசேஜ்களை அழிக்காமல் வையுங்கள்.

நேற்று அவர் ஸ்டேட்டஸில் புதுச் சரக்கு: 'வின்செஸ்டர் 1866, எல்லோ பாய்'. அந்த மாடலுக்கு நடு உடம்பு மஞ்சள் உலோகம் என்பது உண்மைதான், அங்கே காந்தம் ஒட்டாது. ஆனால் குழலில் ஒட்டியாக வேண்டும். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். மஞ்சள் பெயின்ட், அதே ஸ்டார் ஸ்க்ரூ.