தூறல் போட்டாலே 'நோ சிக்னல்': ஏற்காட்டுக்கு வந்த டிஷ் மெக்கானிக்

மூணு மாசமா தூறல் விழுந்தாலே டிவியில படம் போயிடும். கீழே சேலத்தில் ஒரு கடைக்காரர் டிவியைப் பார்க்காமலே, "போர்டு போயிருக்கும்மா, நாலாயிரம் ஆகும்"னார். மனசு கேட்கலை. பக்கத்து எஸ்டேட்காரர் சொன்ன சேலம் அஸ்தம்பட்டி மெக்கானிக் தம்பியைக் கூப்பிட்டேன். 20 கொண்டை ஊசி வளைவையும் பைக்கிலேயே ஏறி வந்தார்.

டிவியைத் தொடவே இல்லை, நேரே மொட்டைமாடிக்குப் போனார். தட்டுக்கு முன்னால் நீட்டிக்கிட்டு சிக்னலை வாங்குமே, அந்த எல்என்பி-யில் இருந்த கனெக்டரைத் திருகினால் ரெண்டு சொட்டு தண்ணி! செம்புக் கம்பி பச்சை பூத்துக் கிடந்தது. நுனியை வெட்டிப் புது கனெக்டர் போட்டு, டேப் சுற்றி, கேபிளைக் கொஞ்சம் கீழே வளைத்துத் தொங்கவிட்டார். மழைத்தண்ணி உள்ளே ஓடாமல் அந்த வளைவிலேயே சொட்டிவிடுமாம்.

எங்களுது மாசக் கட்டணம் இல்லாத தூர்தர்ஷன் ஃப்ரீ டிஷ். தட்டு தென்கிழக்கே, 93.5 டிகிரி கிழக்குத் தீர்க்கரேகைக்கு மேலே இருக்கும் ஜிசாட்-15 செயற்கைக்கோளைப் பார்க்கணும். நடுவில் நிற்பது வீட்டை ஒட்டி நாங்களே மிளகு ஏற்றிவிட்ட சில்வர் ஓக். மரத்தில் கை வைக்க என் வீட்டுக்காரர் விடலை. தட்டைத்தான் நாலடி நகர்த்தினோம்.

மொத்தம் 650 ரூபாய். பத்து மணின்னு சொல்லி ரெண்டு மணிக்கு வந்தார், வெட்டின கேபிள் துண்டுகளை நான்தான் பொறுக்கினேன். கொட்டுற மழையில் இப்பவும் படம் கட்டம் கட்டமா உடையுது. அதை யாராலயும் தடுக்க முடியாதுன்னு அவரே சொல்லிட்டுப் போனார்.