மூன்று பாக்கெட் கேமராக்கள்: விரலுக்கு எட்டுவது எது, மெனுவில் ஒளிந்திருப்பது எது?

அக்கா மகன் கல்லூரிச் சுற்றுலாவுக்குக் கிளம்புகிறான். "போன் வேண்டாம் மாமா, ஒரு கேமரா குடுங்க" என்று வந்து நின்றான். பழைய டிஜிட்டல் கேமராக்கள் மேல் இவன் வயதுக்காரர்களுக்குத் திடீர்ப் பாசம் வந்திருக்கிறது. என்னிடம் மூன்று கிடக்கின்றன. 2010இல் வந்த கேனன் பவர்ஷாட் எஸ்95, 2012இல் வந்த சோனி ஆர்எக்ஸ்100, 2013இல் வந்த ரிக்கோ ஜிஆர். மூன்றையும் மேசையில் வரிசையாக வைத்தேன். "இதுல எது நல்லா எடுக்கும்?" என்றான்.

அதற்குப் பதில் சொல்வது சுலபம். வெளிச்சத்தைப் படமாக்கும் சில்லுக்குச் சென்சார் என்று பெயர். ஜிஆரில் இருப்பது லென்ஸ் மாற்றும் பெரிய டிஎஸ்எல்ஆர் கேமராக்களில் வரும் ஏபிஎஸ்-சி சென்சார். சோனியில் ஒரு அங்குல வகை. கேனனில் அதைவிடச் சின்னதான 1/1.7 அங்குல வகை. பெரிய சென்சார்தான் ஜெயிக்கும், அதில் சண்டையே இல்லை. ஆனால் வாங்கி ஒரு மாதம் கழித்து அலமாரிக்குப் போகிற கேமராக்கள் படம் சரியில்லை என்று போவதில்லை. நினைத்ததை நினைத்த நேரத்தில் மாற்ற முடியாமல் ஆட்டோவிலேயே எடுத்து, "இதுக்கு போனே தேவலாம்" என்று தோன்றித்தான் போகின்றன. அதனால் அவனுக்கு ஒரு பரீட்சை வைத்தேன். அடுப்படியில் பாட்டி தோசை ஊற்றிக்கொண்டிருந்தார். பின்னால் ஜன்னல் வெளிச்சம், முன்னால் அரை இருட்டு. "ஐஎஸ்ஓவை ஏத்து, வெளிச்சத்தை ஒரு ஸ்டாப் கூட்டு, பாட்டியை எடு. மெனு பட்டனைத் தொடக் கூடாது." ஐஎஸ்ஓ என்பது வெளிச்சத்துக்குக் கேமரா காட்டும் உணர்திறன், ஒரு ஸ்டாப் கூட்டுவது வெளிச்சத்தை இரட்டிப்பாக்குவது.

முதலில் கேனன். அதன் லென்ஸைச் சுற்றி ஒரு வளையம் உண்டு. 2009இல் எஸ்90 மாடலில் கேனன் கொண்டுவந்த ஏற்பாடு இது. மேலே இருக்கும் ரிங் ஃபங்ஷன் பட்டனை அழுத்தினால் அந்த வளையம் எதை மாற்ற வேண்டும் என்று நாமே சொல்லிவிடலாம்: ஐஎஸ்ஓ, எக்ஸ்போஷர் (படத்தின் வெளிச்ச அளவு), வொயிட் பேலன்ஸ் (நிறச் சமன்), கையால் ஃபோகஸ் எது வேண்டுமானாலும். பையன் ஐஎஸ்ஓவைத் தேர்ந்து வளையத்தைத் திருப்பினான். டக், டக், டக். ஒவ்வொரு படிக்கும் ஒரு சத்தம், விரலில் ஒரு சின்ன முட்டல். திரையைப் பார்க்காமலே எத்தனை படி ஏறினோம் என்று தெரிகிறது. எக்ஸ்போஷருக்குப் பின்னால் உள்ள டயலின் மேல்பக்கத்தை அழுத்தித் திருப்பினால் முடிந்தது. கேமராவைக் கையில் வாங்கி ஒரு நிமிடத்துக்குள் படம் எடுத்துவிட்டான்.

என்னைக் கேட்டால் இந்த வளையத்தை ஸ்டெப் ஜூமுக்கு விட்டுவிடுவேன். 28, 35, 50, 85, 105 என்று பழைய ஃபிலிம் கேமரா லென்ஸ்களின் கணக்கில் ஒவ்வொரு திருப்புக்கும் நின்று நின்று போகும். ஷட்டரைச் சுற்றியுள்ள ஜூம் லிவரை அழுத்தினால் எங்கே போய் நிற்கும் என்று நமக்கும் தெரியாது, அதற்கும் தெரியாது.

எஸ்90க்கும் எஸ்95க்கும் வெளியே பார்த்தால் வித்தியாசமே தெரியாது. ஆனால் எஸ்90இன் பின்பக்க டயலில் முட்டல் கிடையாது, எண்ணெய் போட்ட சக்கரம் மாதிரி சுற்றும். கட்டைவிரல் லேசாக உரசினாலே அமைப்பு மாறிவிடும். ஊரெல்லாம் இதைப் புலம்ப, எஸ்95இல் டயலுக்குப் படிகள் வைத்துச் சரிசெய்தார்கள். செகண்ட் ஹேண்டில் இரண்டும் கிடைத்தால் யோசிக்காமல் எஸ்95ஐ எடுக்க இந்த ஒரு டயலே போதும். மாறாமல் போனது ஃபிளாஷ். இடது மூலையில், நாம் விரல் வைத்திருக்கும் அதே இடத்தில், மோட்டார் போட்டு எழும்பி விரலைத் தள்ளிவிடும்.

அடுத்து சோனி. இதிலும் லென்ஸைச் சுற்றி வளையம் உண்டு, ஆனால் முட்டல் இல்லை. வழுவழுவென்று சுற்றும். வீடியோ எடுக்கையில் சத்தம் வராது என்பது நியாயமான காரணம்தான், கேனன் வளையத்தின் டக் டக் வீடியோவில் நன்றாகவே விழும். ஆனால் ஸ்டில் எடுக்கும்போது எவ்வளவு திருப்பினோம் என்பதைக் கண்ணால் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது. திரையில் ஒரு பெரிய வட்டம் அழகாகச் சுழன்று காட்டும். அழகுதான், அந்த நேரத்தில் பாட்டி தோசையைத் திருப்பிப் போட்டுவிட்டார்.

சோனியின் பலம் எஃப்என் பட்டன். அதில் ஏழு அமைப்புகளை நமக்கு வேண்டியபடி அடுக்கலாம். பின் டயலின் இடது, வலது, நடு பட்டன்களுக்கும் வேறு வேலை கொடுக்கலாம். மோட் டயலில் எம்ஆர் என்று இருக்கும் இடத்தில் மூன்று விதமான அமைப்புகளை மொத்தமாகச் சேமித்து வைக்கலாம். ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து எல்லாவற்றையும் அடுக்கிவிட்டால் அப்புறம் மெனுவுக்குள் போக வேண்டிய தேவை அநேகமாக வராது. அந்த ஞாயிற்றுக்கிழமையைச் செலவழிப்பவர்கள் எத்தனை பேர் என்பதுதான் கேள்வி. பெட்டியிலிருந்து எடுத்தபடியே கொடுத்தால் இது மூன்றிலும் மெதுவானது. நான் அடுக்கி வைத்ததையெல்லாம் அழித்துவிட்டுத்தான் பையனிடம் கொடுத்தேன். எஃப்என்னைக் கண்டுபிடித்து, ஐஎஸ்ஓவுக்கு நகர்ந்து, திருப்பி, வெளியே வந்து, டயலின் கீழ்ப்பக்கத்தை அழுத்தி எக்ஸ்போஷருக்குப் போவதற்குள் இரண்டு தோசை ஆகிவிட்டது. ஆனாலும் அவன் எங்கும் மாட்டிக்கொள்ளவில்லை. கேள்விக்குறி போட்ட பட்டன் ஒன்று இருக்கிறது, அழுத்தினால் கேமராவுக்குள்ளேயே விளக்கம் வரும். ஏதாவது ஒரு அமைப்பு மங்கலாகத் தெரிந்தால் அதைத் தேர்ந்து பார்க்கலாம், எதனால் இப்போது அது வேலை செய்யாது என்று சொல்லிவிடும். ரா (கேமரா பதப்படுத்தாத மூலக் கோப்பு) போட்டிருக்கிறாய், அதனால் இது கிடைக்காது என்கிற மாதிரி. மற்ற கேமராக்காரர்கள் இதை ஏன் காப்பியடிக்கவில்லை என்று எனக்குப் புரிந்ததே இல்லை.

கடைசியாக ஜிஆர். பையன் கையில் வாங்கியதும் செய்த முதல் காரியம், பின்னால் மேல் மூலையில் இருந்த பிளஸ் மைனஸ் பட்டனை அழுத்தியது. "மாமா, ஜூம் ஆகலை. படம் வெள்ளையா ஆகுது." ஆகும். ஜிஆரில் ஜூமே கிடையாது, 28 மி.மீ. அகலக் கோணத்தில் ஒரே ஒரு லென்ஸ். மற்றவர்கள் ஜூமுக்கு ஒதுக்கும் அந்த இடத்தை ரிக்கோ எக்ஸ்போஷருக்குக் கொடுத்துவிட்டது. நான் சொன்ன ஒரு ஸ்டாப்பைத் தெரியாமலே கூட்டிவிட்டான், பரீட்சையில் பாதி அங்கேயே முடிந்தது.

மீதிப் பாதிக்குப் பின்னால் ஏடிஜே என்று ஒரு சின்ன லிவர் இருக்கிறது. உள்ளே அழுத்தினால் நாம் தேர்ந்த ஐந்து அமைப்புகள் திரையில் வரிசையாக வரும். இடது வலமாகத் தள்ளி ஐஎஸ்ஓவுக்குப் போய், முன் டயலால் மாற்றி, ஷட்டரைத் தொட்டால் படத்துக்குத் திரும்பிவிடலாம். எல்லாம் ஒரே கையால். இடது கையில் டீ டம்ளர் இருக்கலாம். மோட் டயலில் பூட்டு இருப்பதால் பையிலிருந்து எடுக்கும்போது தானாகத் திரும்பாது. அந்த டயலிலேயே மை1, மை2, மை3 என்று மூன்று இடங்கள் நம்முடைய சொந்த அமைப்புகளுக்கு. கேனனில் இதற்கு சி என்று ஒரே ஒரு இடம்தான்.

ஸ்னாப் ஃபோகஸைப் பற்றிச் சொல்லாமல் ஜிஆரை விட முடியாது. முன்கூட்டியே ஒரு தூரத்தைக் குறித்து வைத்துவிடலாம். ஷட்டரைப் பாதி அழுத்தி நிறுத்தினால் வழக்கம்போல ஆட்டோஃபோகஸ். நிறுத்தாமல் ஒரே அழுத்தாக அழுத்தினால் ஃபோகஸ் தேடாமல் குறித்த தூரத்தில் உடனே எடுத்துவிடும். லென்ஸ் துளையை எஃப்/8 அளவுக்குச் சுருக்கி வைத்து 2.5 மீட்டர் என்று குறித்தால், ஒரு மீட்டருக்குச் சற்று மேலிருந்து கண்ணுக்கெட்டிய தூரம் வரை தெளிவாக வரும். தெருவில் எடுப்பவர்கள் ஜிஆரை விடாமல் பிடித்துக்கொண்டிருப்பதற்கு இந்த ஒரு விரல் வித்தைதான் முக்கியக் காரணம் என்று நினைக்கிறேன். தூரத்தை ஒரே ஒரு முறை குறித்து வைத்தால் போதும்.

மெனுக்களைத் தனியாக அலச அதிகம் இல்லை. கேனனில் எடுப்பதற்கு ஒரு பக்கம், பொது அமைப்புக்கு ஒரு பக்கம், அடிக்கடி தேவைப்படுபவற்றை நாமே சேர்த்துவைக்க மை மெனு என்று ஒரு பக்கம், அவ்வளவுதான். ஜிஆரில் பட்டன்களை மாற்றியமைப்பதற்கென்றே ஒரு தனிப் பக்கம் இருப்பதிலிருந்து அதைச் செய்தவர்களின் மனசு தெரிகிறது. சோனியில் எண் போட்ட பக்கங்கள், ஒவ்வொன்றிலும் சுருக்கெழுத்தில் பெயர்கள். ஆர்எக்ஸ்100 வரிசையில் மை மெனு வருவதற்கு 2018 ஆனது. அதே ஆண்டு வந்த ஆர்எக்ஸ்100 ஆறாம் பதிப்பில் தொடுதிரையும் வந்தது, ஆனால் மெனுவைத் தொட்டால் ஒன்றும் நடக்காது! ஃபோகஸ் புள்ளியைத் தொடுவது, தொட்டுப் படமெடுப்பது மாதிரி வேலைகளுக்குத்தான் அந்தத் திரை.

மொழியைப் பற்றி ஒரு வார்த்தை. நிக்கானின் கூல்பிக்ஸ் கேமராக்கள் பலவற்றில் மொழிப் பட்டியலில் தமிழ் உண்டு. முதன்முதலில் பார்த்தபோது சந்தோஷமாக இருந்தது, உடனே மாற்றினேன். இரண்டு நாளில் ஆங்கிலத்துக்குத் திரும்பிவிட்டேன். ஒவ்வொரு சொல்லையும் மனதுக்குள் ஆங்கிலத்தில் திருப்பிப் பார்த்துத்தான் எனக்குப் புரிந்தது. பழக்க தோஷம், வேறென்ன. புதிதாகக் கற்றுக்கொள்பவர்கள் தமிழிலேயே தொடங்கிப் பார்க்கலாம்.

இனி மென்பொருள். கேனன் பெட்டியில் ஒரு சிடி வந்தது. படங்களைப் பார்க்க ஜூம்பிரவுசர், படங்களை ஒட்டி நீளமாக்க போட்டோஸ்டிட்ச், ரா கோப்புகளைப் பதப்படுத்த டிஜிட்டல் போட்டோ புரொஃபஷனல். கடைசியில் சொன்னது கேனனின் பெரிய கேமராக்களுக்கும் அதுவேதான், சின்னக் கேமராக்காரர்களுக்கும் கொடுத்தது தாராளம். இன்று அந்தச் சிடியைச் சொருக என் வீட்டு லேப்டாப்பில் இடம் இல்லை. சோனிக்கு பிளேமெமரீஸ் ஹோம், ராவுக்கு இமேஜ் டேட்டா கன்வர்ட்டர். பிறகு அதன் இடத்தில் இமேஜிங் எட்ஜ் வந்தது.

இந்த மென்பொருள்களை வேண்டாத இலவசம் என்று ஒதுக்கிவிடக் கூடாது, அதற்கு ஒரு காரணம் இருக்கிறது. சின்ன உடம்பில் ஜூம் லென்ஸை அடக்க, அகலக் கோணத்தில் வரும் வளைவை லென்ஸிலேயே முழுதாகச் சரிசெய்யாமல் மென்பொருள் பார்த்துக்கொள்ளட்டும் என்று விட்டிருக்கிறார்கள். ஜேபெக் என்னும் வழக்கமான படக்கோப்பில் கேமராவே நிமிர்த்திவிடும், நமக்குத் தெரியாது. எஸ்95, ஆர்எக்ஸ்100 இரண்டின் ரா கோப்பையும் லென்ஸ் திருத்தம் போடாமல் திறந்து பாருங்கள், கதவு நிலை பானை வயிறு மாதிரிப் புடைத்துக்கொண்டு நிற்கும். கேனனும் சோனியும் கொடுத்த மென்பொருள் இதைத் தானாக நிமிர்த்தும். டார்க்டேபிள் மாதிரி இலவச மென்பொருளில் நாம்தான் அந்தத் திருத்தத்தைப் போட வேண்டும். ஜிஆரின் ஜூம் இல்லாத லென்ஸில் இந்தத் தலைவலி கிட்டத்தட்ட இல்லை.

அதோடு ஜிஆர் எழுதும் ரா கோப்பு டிஎன்ஜி வகை. மென்பொருள் நிறுவனமான அடோபி 2004இல் எல்லாருக்கும் பொதுவாக வெளியிட்ட வடிவம். ரிக்கோ 2005இன் முதல் ஜிஆர் டிஜிட்டலிலிருந்தே அதைத்தான் எழுதுகிறது. கேமரா புதிதாக வந்தபோதும் அடோபியின் படம் திருத்தும் மென்பொருளான லைட்ரூமின் பழைய பதிப்பில் திறந்தது, இன்றும் எதிலும் திறக்கிறது. கம்ப்யூட்டரே இல்லாவிட்டாலும் கேமராவுக்குள்ளேயே ராவை ஜேபெக்காக மாற்றிக்கொள்ளலாம். மென்பொருள் எதையும் நம்பியிராத கேமரா இது.

மென்பொருளின் விலையைப் புரிந்துகொள்ள பானசோனிக் எல்எக்ஸ்3ஐயும் லைக்கா டி-லக்ஸ் 4ஐயும் பார்க்க வேண்டும். உள்ளே ஏறக்குறைய ஒரே கேமரா. ரா பதப்படுத்த பானசோனிக் வாங்கினால் சில்கிபிக்ஸ் மென்பொருள், லைக்கா வாங்கினால் கேப்சர் ஒன். அடுத்த டி-லக்ஸ் 5உடன் லைட்ரூமையே கொடுத்தார்கள். அப்போது லைட்ரூம் 3இன் விலை 299 டாலர், சந்தாத் தொல்லை இல்லாமல் ஒரேயடியாக வாங்குவது. லைக்காவின் சின்னமான சிவப்புப் புள்ளிக்கு மட்டும் காசு கொடுக்கவில்லை என்று லைக்காக்காரர்கள் வாதாட அதுவும் ஒரு கை கொடுத்தது.

கேனன் பழைய சிடியோடு முடிந்துவிடவில்லை. சிஹெச்டிகே என்று ஆர்வலர்கள் எழுதிய இலவச நிரல் எஸ்95க்கும் இருக்கிறது. கேமராவின் சொந்த நிரலை அது தொடாது. மெமரி கார்டில் போட்டு, கார்டின் ஓரத்தில் இருக்கும் பூட்டுக் குச்சியைக் கீழே தள்ளிச் சொருகினால் கேமரா இயங்கும்போதே அதுவும் ஏறிக்கொள்ளும். பூட்டிய கார்டிலேயே படமும் எழுதும். லூவா என்னும் நிரல்மொழியிலோ பேசிக் மாதிரியான மொழியிலோ நாமே ஸ்கிரிப்ட் எழுதலாம்: பத்து நொடிக்கு ஒன்று எடு, அசைவு தெரிந்தால் எடு. மின்னலைக் கூட இப்படிப் பிடிக்கிறார்கள். வேண்டாமென்றால் குச்சியை மேலே தள்ளிவிட்டால் பழைய கேமரா.

இத்தனையும் சொன்ன பிறகு பையன் ஜிஆரை எடுத்துக்கொண்டான். ஜூம் இல்லாததைப் பற்றி அவன் கவலைப்படவில்லை, "நான் நடந்து போய்க்கறேன் மாமா" என்றான். முன்தினம் படங்களை ஏற்றிவிட்டு மெமரி கார்டை லேப்டாப்பிலேயே விட்டது நான். அவன் பஸ் ஏறி இரண்டு மணி நேரம் கழித்துத்தான் அது என் கண்ணில் பட்டது. போன் செய்து சொன்னேன். "அப்படியா? எடுத்துக்கிட்டுத்தானே இருக்கேன்" என்றான். ஜிஆருக்குள் 54 எம்பி நினைவகம் இருப்பது எனக்கே மறந்துபோயிருந்தது. "எத்தனை எடுத்தே?" என்றேன். எண்ணிப் பார்த்துவிட்டுச் சொன்னான்: "நாலு. அஞ்சாவதுக்கு ஏதோ திட்டுது."