தன்மதிப்பை அறிய வினாத்தாளா, மறைமுகச் சோதனையா?

தேர்வுக்கு முந்தைய இரவில் வேண்டுமென்றே படிக்காமல் இருந்து, தோல்விக்கு முன்கூட்டியே காரணம் தேடிக்கொள்ளும் மாணவர்களைப் புரிந்துகொள்ள எந்தத் தன்மதிப்பு அளவீடு உதவும் என்று கும்பகோணம், மன்னார்குடிப் பகுதி ஆசிரியர்கள் கேட்கிறார்கள். இந்தத் தற்தடைப் பழக்கத்தை 1978-இல் உளவியலாளர்கள் பெர்க்லாஸும் ஜோன்ஸும் விளக்கினர்.

செலவு: நனவான தன்மதிப்பை, அதாவது ஒருவர் தம்மைப் பற்றித் தெரிந்தே சொல்லும் மதிப்பை, அளக்கும் ரோசன்பெர்க் வினாத்தாளில் 10 கூற்றுகளே உள்ளன, தாளும் பேனாவும் போதும். நனவிலித் தன்மதிப்பை, அதாவது தாமே அறியாமல் உள்ளுக்குள் தமக்குத் தரும் மதிப்பை, நேரடியாகக் கேட்காமல் அளக்கும் மறைமுகச் சோதனைக்குப் பெரும்பாலும் கணினி வேண்டும்.

நம்பகம்: வினாத்தாளில் மாணவர் தம்மை உயர்த்திக் காட்டலாம். மறைமுகச் சோதனையில் அது கடினம். ஆனால் அதே மாணவருக்கு மறுமுறை வேறு மதிப்பெண் வரக்கூடும்.

வெளியே உயர்வாகவும் உள்ளே தாழ்வாகவும் தன்னை மதிப்பவர்கள் தற்தடையை அதிகம் நாடுவதை ஆய்வு காட்டியிருப்பதால், பெருமை பேசும் பிள்ளையைத் திமிர் பிடித்தவன் என்று ஒதுக்குவது எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது. வகுப்பறைக்கு வினாத்தாளும் பரிவான உரையாடலும் போதும்; இந்த முரணை ஆராய்பவருக்கோ இரண்டு அளவீடுகளும் தேவை.