பெட்டியில் போட்டிருக்கும் எண் குட்டி பிளாஸ்மிடுக்கு மட்டும்தான்

கொழிஞ்சாம்பாறையில் ஒரு கல்லூரியின் மைக்ரோபயாலஜி லேப் என் பொறுப்பு. கால்சியம் குளோரைடு வைத்து நாங்களே ஈ.கோலை பாக்டீரியாவை வெளி டிஎன்ஏ வாங்கும்படி தயார் செய்துகொண்டிருந்தோம். இந்த வருஷம் அப்படித் தயார் செய்தே விற்கும் ரெடிமேட் காம்பிடன்ட் செல் வாங்கிப் பார்த்தோம். டிஹெச்5 ஆல்ஃபா என்ற ஈ.கோலை ரகம், 50 மைக்ரோலிட்டர் குழாய்கள்.

ஒரு மைக்ரோகிராம் டிஎன்ஏவுக்கு 10 கோடி காலனி (டிஎன்ஏ வாங்கிய ஒரு செல் பெருகித் தட்டில் தெரியும் புள்ளி) என்று பெட்டியில் இருந்தது. பொய்யில்லை. கூடவே தந்த பியூசி19 பிளாஸ்மிடை (பிளாஸ்மிட் என்றால் வட்டமான சின்ன டிஎன்ஏ) போட்டு, ஐஸில் அரை மணி நேரம், 42 டிகிரியில் அரை நிமிஷம், மறுபடி ஐஸ். மறுநாள் காலை, பிளாஸ்மிட் வாங்கிய செல் மட்டுமே வளரும் ஆம்பிசிலின் (ஆன்டிபயாடிக்) தட்டில் எண்ண முடியாத அளவுக்கு வெள்ளைப் புள்ளிகள்.

அப்புறம் புராஜெக்ட் பிள்ளைகள் தங்கள் 9,000 பேஸ் ஜோடி (டிஎன்ஏ நீளத்தின் அளவு) பிளாஸ்மிடை அதே எடைக்குப் போட்டார்கள். "மிஸ், விரல் விட்டு எண்ணிடலாம் போல"ன்னு தட்டை நீட்டினாள் ஒருத்தி.

செல்லைக் குறை சொல்ல முடியாது. பியூசி19 வெறும் 2,686 பேஸ் ஜோடி. எடை ஒன்றாக இருந்தாலும் 9,000 பேஸ் பிளாஸ்மிடில் மூலக்கூறுகள் மூன்றில் ஒரு பங்குகூடத் தேறாது. அதற்கு மேல், நீளம் கூடக்கூட ஒவ்வொரு மூலக்கூறும் உள்ளே நுழைவதே கஷ்டம். இரண்டும் சேர்ந்துதான் காலனி இப்படிச் சரிகிறது. பெட்டிக்காரர்கள் இதை ஒரு வரி போட்டிருக்கலாம், போடமாட்டார்கள், வியாபாரமாச்சே.

வெட்டி நேராக்கிய டிஎன்ஏவையும் ஒரு குழு போட்டது. தட்டு சுத்தம். திறந்த முனை கிடைத்தால் ஈ.கோலையின் ரெக்பிசிடி நொதி அங்கிருந்தே மென்று தீர்த்துவிடும். பேசிலஸ் சப்டிலிஸ் போலத் தானாகவே வெளி டிஎன்ஏவை இழுத்துத் தன் குரோமோசோமில் சேர்த்துக்கொள்ளும் ஜாதி இல்லை இது.

வகுப்பு பிராக்டிகலுக்கும் சின்ன பிளாஸ்மிடுக்கும் தாராளமாக வாங்கலாம், செல்லுக்கு என் மதிப்பெண் ஐந்துக்கு நாலு. 10,000 பேஸுக்கு மேலே போகிறவர்கள் எலக்ட்ரோபொரேஷன் (மின் அதிர்ச்சி கொடுத்து டிஎன்ஏவைச் செல்லுக்குள் ஏற்றும் முறை) இருக்கும் லேபைத் தேடுங்கள்.

டீலருக்கு மட்டும் இரண்டுதான். கோயம்புத்தூரிலிருந்து வேலந்தாவளம் தாண்டி வருவதற்குள் டிரை ஐஸ் பாதி காணோம். இந்தச் செல் ஒருமுறை உருகினால் திரும்ப உறைய வைத்துப் பிரயோஜனமில்லை. பார்சலைப் பிரித்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.